யாரும் வரல மச்சான், போ

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. சந்தேகம் இருந்தால் அந்தக் கார் பட்டறைக்குப் போய், இரும்பு அலமாரியில் மூன்றாவது தட்டைத் திறந்து பார்க்கலாம். நான்கு காப்பீட்டு விண்ணப்பங்கள் ஒரே ரப்பர் பேண்டில் சுற்றிக் கிடக்கும். நான்கிலும் ஒரே கையெழுத்து. நான்கிலும் ஒரே இடம். ஒரே நேரம். பிற்பகல் மூன்று மணி ஏழு நிமிடம்.

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது பட்டப்பகலில் நடந்தது. சுட்டெரிக்கிற வெயிலில்.

அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரியைப் பட்டறையில் எல்லோரும் ரைட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அடிபட்ட கார் உள்ளே வந்ததும், ஓட்டியவரை எதிரில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, 'விபத்து நடந்த விதம்' என்கிற கட்டத்தை நிரப்புவது அவள் வேலை. கை நடுங்குகிறவர்கள் சொல்லச் சொல்ல இவள் எழுதுவாள். அழுத்தம் திருத்தமான எழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ஒரு மகள். கணவர் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு பிற்பகல் மூன்று ஏழுக்கு, பட்டறையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிற நாலு ரோட்டில் இறந்துபோனார். காரை ஓட்டியது அவளுடைய அண்ணன். இடப்பக்க இருக்கையில் கணவர். இடப்பக்கச் சாலையிலிருந்து வந்த லாரி நேராக அந்தக் கதவில் மோதியது. அண்ணனுக்கு நெற்றியில் நாலு தையல். கணவருக்குத் தையல் போடவே வேலை இல்லாமல் போனது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அந்தப் பக்கம் வண்டி வருதான்னு கேட்டேம்மா. 'யாரும் வரல மச்சான், போ'ன்னான். நம்பிப் போனேன்."

போலீஸிலும் அதையே சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். செத்தவர் சொன்ன ஒரு வார்த்தையால் செத்தவரே போனார் என்று விஷயம் முடிந்தது.

அவளால்தான் முடிக்க முடியவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவர், எழுந்துபோய் மறுபடியும் பார்த்துவிட்டு வருகிற மனிதர் அவர். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அவள் திட்டுவாள். "ஒரே ஒரு தடவ கழுத்தத் திருப்பியிருந்தா என்னவாம்? என்னையும் கொழந்தையையும் இப்படி நடுத்தெருவுல விட்டுட்டீங்களே." செத்தவர்மேல் கோபம் வந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் வந்து நின்றான். மகளைப் பள்ளியில் விடுவது, சமையல் கேஸ் பதிவது, குழாய் ஒழுகினால் சரிபண்ணுவது. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். "ரெண்டு பக்கமும் நீயே பாரு. எவன் பேச்சையும் நம்பாத" என்பான். சொல்லும்போது அவன் குரல் கம்மிப்போகும். பாவம், இவனுக்கும் எவ்வளவு வலி என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் பட்டறையில் சேர்ந்த எட்டாவது மாதம் முதல் கார் வந்தது.

ஓட்டியவர் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர். இடப்பக்கக் கதவுகள் இரண்டும் தகர டப்பா போல நசுங்கியிருந்தன. எந்த இடம் என்றாள். நாலு ரோடு என்றார். அவளுடைய பேனா ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

"எப்படி ஆச்சுங்க?"

"இடப்பக்கம் பாக்கல. காலியா இருக்குன்னு சொன்னதால..."

"யாரு சொன்னா?"

அவர் தண்ணீரைக் குடித்தார். "நான் தனியாத்தான் போனேன். அத எழுதாதீங்க. அடிபட்டதுல என்னமோ ஒளர்றேன்."

அவள் எழுதவில்லை.

இருபது நாள் கழித்து ஒரு பல் டாக்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. அதே இடம், அதே மூன்று ஏழு. தனியாகப் போயிருக்கிறார். அவருக்குக் கோபம்.

"ரேடியோலதான் வந்திருக்கணும். யாரோ ஒருத்தன் காதுகிட்ட, 'யாரும் வரல, போ'ன்னான். அதுவும் என்னப் போயி மச்சான்னு கூப்பிட்டான். இந்த வயசுல நான் யாருக்கு மச்சான்?"

டாக்டர் சிரித்தார். ரைட்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சரியா எப்படிச் சொன்னான் டாக்டர்?"

"'யாரும் வரல மச்சான்... போ.' அவ்ளோதான்."

அண்ணன் சொன்ன வார்த்தைகள். அந்த வரிசை. அந்த மச்சான். அது குடும்பத்துக்கும் போலீஸுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மூன்றாவது கார் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருடையது. முப்பது வருடமாக மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் உட்கார்ந்ததும் இவளே கேட்டாள்.

"இடப்பக்க சீட்லேர்ந்து ஏதாவது குரல் கேட்டுச்சா சார்?"

மாஸ்டர் அவளையே பார்த்தார். டம்ளரை மேசையில் வைத்தார். "அத எழுத வேணாம்மா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் ஃபோர்மேனிடம் கேட்டாள். ஃபோர்மேன் நெளிந்த இரும்பைப் பார்த்தே வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று சொல்லிவிடுகிற ஆள்.

"நாலு ரோடு சேர்ற எடத்துல மட்டும் ஏன் இவ்ளோ ஆக்சிடென்ட் ஆகுது?"

"மூலைல செவுரு மறைக்கும். வண்டி முன்கண்ணாடி ஓரத்துல இருக்கற தூணு ஒரு லாரியவே மறைச்சுடும். அதெல்லாம் அப்பறம் ரைட்டரம்மா. எதிராளி நிப்பான்னு இவன் நம்பறான். இவன் நிப்பான்னு அவன் நம்பறான். அவ்ளோதான் விஷயம். நம்பி மோசம் போற எடம் அது."

மறுநாள் வியாழக்கிழமை. இரண்டு ஐம்பதுக்கு வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் தன் சிறிய காரை எடுத்தாள்.

மூன்று மணி மூன்று நிமிடம். நாலு ரோடுக்கு நூறு மீட்டர் முன்னால் ஓரமாக நிறுத்தினாள். ரேடியோவை அணைத்தாள். கைபேசியை அணைத்துப் பின்னிருக்கையில் போட்டாள். இடப்பக்க மூலையில் ஒரு பழைய கிடங்கின் மதில் சுவர், இரண்டு ஆள் உயரம். அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று கோட்டுக்கு வந்தால்தான் தெரியும்.

மூன்று ஐந்து. வண்டியை நகர்த்தினாள். ஏசி விசிறியின் சத்தம் மட்டும்.

மூன்று ஆறு. வெள்ளைக் கோட்டில் நின்றாள். பிரேக்கில் கால். பின்னால் யாரும் இல்லை.

டிக்... டிக்... டிக்... இண்டிகேட்டர் போடவில்லையே என்று பார்த்தாள். போடவில்லைதான். சத்தம் நின்றது.

மூன்று ஏழு.

இடப்பக்க இருக்கை முனகியது. கனமான ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் முனகுமே, அப்படி.

அவள் திரும்பவில்லை.

ஒரு செருமல். இரண்டு முறை, சின்னதாக. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் எப்போதும் செருமுகிற செருமல்.

"யாரும் வரல மச்சான்... போ."

அவர் குரல். ஆறு வருடம் கழித்து... அவர் குரல்.

பிரேக்கிலிருந்து அவளுடைய கால் தானாகத் தளர்ந்தது. கார் ஒரு சாண் நகர்ந்தது. எவன் பேச்சையும் நம்பாத... அவள் கழுத்தைத் திருப்பினாள்.

தண்ணீர் லாரி!

முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தாள். லாரி மூக்குக்கு முன்னால் போனது. அதன் காற்றில் கார் குலுங்கியது.

"என்னங்க..." என்றாள்.



"நான்தாங்க... என்னத் தெரியலையா?"

செருமல். இரண்டு முறை.

"யாரும் வரல மச்சான்... போ."

அதே ஏற்றம். அதே இறக்கம். மனப்பாடம் ஒப்பிப்பதுபோல.

"ஏங்க..."

"யாரும் வரல மச்சான்... போ."

கட்டிய மனைவியைத் தெரியவில்லை. மகள் பேரைக் கேட்கவில்லை. அவளையும் லாரிக்குக் கீழே அனுப்பப் பார்த்தது அந்தக் குரல். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வந்த அழுகை பாதியில் நின்றது.

போ.

போ-வா?

அண்ணன் அவரைவிட ஏழு வயது பெரியவன். கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணனை 'வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்' என்றுதான் சொல்லுவார். ஒரு தடவை பெரிய சண்டை வந்தபோதுகூட, "வெளிய போங்க மச்சான்" என்றுதான் கத்தினார். அண்ணனை அவர் ஒருமையில் பேசி அவள் கேட்டதே இல்லை.

ஆறு வருடமாக அதை அண்ணனின் வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சொல்லும்போது அது உறுத்தவில்லை. அவருடைய குரலிலேயே கேட்டபோதுதான் தெரிந்தது.

அது அவர் பேசுகிற பேச்சே இல்லை.

மணி மூன்று எட்டு. இடப்பக்கம் யாருமில்லை.

அன்று இரவு ஏழு மணிக்கு அண்ணன் வந்தான். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பேருந்து ஓட்டுநர் சட்டையோடே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான். மகள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள். ரைட்டரம்மா கதவைச் சாத்தினாள்.

"அண்ணா. அவரு உன்ன எப்பவாவது 'போ'ன்னு சொல்லியிருக்காரா?"

"எவரு?"

"எம் புருஷன்."

ஸ்பேனர் நின்றது.

"இன்னிக்கு நாலு ரோட்டுக்குப் போனேன். அவரு கொரல் கேட்டுச்சு. 'யாரும் வரல மச்சான், போ'ன்னுச்சு. அது அவரு பேசற மாதிரியே இல்லண்ணா. அந்தக் கொரல நம்பிப் போனவங்க மூணு பேரு கார நசுக்கிட்டு வந்திருக்காங்க. அது பொய் சொல்லுது. நீ சொன்ன அதே பொய்ய."

அண்ணன் நிமிரவில்லை. குழாய் சொட்டியது. ஒன்று... இரண்டு... மூன்று...

"நான் அவன எதுவுமே கேக்கல" என்றான் கடைசியில். "அவசரமாப் போனேன். அவன்தான் கத்தினான். 'நில்லுங்க மச்சான், நில்லுங்க'ன்னு. ரெண்டு தடவ."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அடுத்த வாரம் பஸ் டிரைவர் வேலைல சேரணும். ஆர்டர் கைல இருந்துச்சு. என் தப்புன்னு எழுதினா லைசென்ஸ் போயிடும். செத்தவனுக்கு இனிமே என்ன போயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

"எனக்குப் போச்சுண்ணா." அவள் குரல் உயரவில்லை. "ஆறு வருஷமா அவரத் திட்டிட்டிருந்தேன். நீ எதிர்ல உக்காந்து கேட்டுட்டிருந்த. ஒரு நாளாவது ஒனக்கு வாய் வந்துச்சா?"

அவன் அழுதான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அழுத அதே அழுகை. அன்றைக்கு அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்திருந்தாள். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போ. நடந்தத நடந்தபடி எழுதிக் குடு. அதுவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத."

மறுநாள் வெள்ளிக்கிழமை, இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவன் போனில் பேசினான்.

"ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டேன். நாலு ரோடு வழியாத்தான் போறேன்."

ஆறு வருடமாக அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிச் சுற்றிப் போனவன்.

"வேணாம். சுத்திப் போ" என்றாள்.

"இல்லம்மா. அவன் என்ன சொல்றான்னு நானும் கேக்கணும்."

மூன்று இருபதுக்குப் பட்டறைத் தொலைபேசி அடித்தது. இழுவை வண்டிக்காரர் பேசினார். நாலு ரோட்டில் ஒரு கார். இடப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஓட்டியவர் உயிரோடு இருக்கிறார்.

அவள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணனின் வலது கால் முழுக்கக் கட்டு. முகத்தில் பாதி பஞ்சு. அவளுக்கு முன்னாலேயே போலீஸ்காரர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். என்ன சொன்னாய் என்று கேட்டாள்.

"'போ'ன்னு ஒரு கொரல் கேட்டுச்சு, போனேன்னு சொன்னேன். முன்னாடி மூணு பேருக்கும் அங்க அப்படிக் கேட்டதுதானே."

அவள் பேனாவைத் திறந்தாள். கட்டத்துக்கு நேராக வைத்தாள்.

"'போ'ன்னா... 'போங்க'ன்னா?"

பாட்டிலிலிருந்து மருந்து சொட்டியது. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அண்ணா."

"ரெண்டும் இல்ல."

"அப்பறம்?"

"'நில்லுங்க மச்சான்'னான். 'நில்லுங்க'ன்னு மறுபடியும் கத்தினான். அன்னிக்கு மாதிரியே."

அவள் பேனாவைக் கட்டத்திலிருந்து எடுத்தாள்.

"அப்பறம் ஏண்டா போன?"

"நீதானே சொன்ன... அந்தக் கொரல் பொய் சொல்லுதுன்னு."

விபத்து நடந்த விதம் என்ற கட்டத்தில் அவள் அன்று எழுதியது ஒரே வரி. ஓட்டுநர் நிற்கவில்லை. அதில் மட்டும் ஓர் அடித்தல் இருக்கிறது.

போலீஸில் கொடுத்த பொய்யை அண்ணன் மாற்றவில்லை. பழையதையும் மாற்றவில்லை, புதியதையும் மாற்றவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். பத்து நாள் கழித்து ஃபோர்மேன் கூப்பிட்டார். அண்ணனின் கார் ஷெட்டின் கடைசியில் நின்றது. அவர் கையில், காரின் கணினிப் பதிவுகளைப் படிக்கிற ஸ்கேனர்.

"கார்ல ஒங்கண்ணன் தனியாத்தானே போனாரு?"

"ஆமா."

"இடப்பக்க ஏர்பேக்கும் விரிஞ்சிருக்கு. இந்த மாடல்ல அந்த சீட்ல ஆள் எடை இருந்தாத்தான் அது விரியும். சென்சார் கெட்டிருக்கும்னு பழைய பதிவெல்லாம் எடுத்துப் பாத்தேன்."

அவர் ஸ்கேனரை அவள் பக்கம் திருப்பினார்.

"அஞ்சு வருஷம் முன்னாடி கார் வாங்கின நாள்லேர்ந்து இருக்கு, ரைட்டரம்மா. ஒவ்வொரு தடவ வண்டி எடுக்கும்போதும்... இடப்பக்க சீட்ல ஆள் இருக்கறதாத்தான் காட்டுது. ஒரு நாள் தப்பல."

"அண்ணனுக்கு..."

"அவருக்குத் தெரியும். ஆள் இருந்து பெல்ட் போடலன்னா மணி அடிச்சிட்டே இருக்கும் இல்ல? காலி சீட்டுக்குப் பெல்ட்ட மாட்டியே வெச்சிருந்திருக்காரு. வருஷக்கணக்கா. பாருங்க, சீட்ல பெல்ட் அழுந்தின தடம் இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். இருந்தது.

எத்தனை தடவை அந்தக் காரில் போயிருக்கிறாள். எப்போது முன்கதவைத் திறக்கப் போனாலும் அண்ணன் சொல்லுவான்: "முன்னாடி வேணாம், பின்னாடி உக்காந்துக்கோங்க." மகளோடு பின்னால் உட்கார்ந்து, காற்றில் முடி பறக்க, அந்த முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள்.

"சென்சார் கெட்டுதான் போயிருக்கு" என்றாள். கெஞ்சுகிற குரலில்.

ஃபோர்மேன் நசுங்கிய கதவு வழியாக நுழைந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்கேனரில் விளக்கு எரிந்தது. எழுந்தார். அணைந்தது. மறுபடி உட்கார்ந்தார். எரிந்தது. எழுந்தார். அணைந்தது.

"நல்லாத்தான் வேலை செய்யுது. இப்ப காலி."

தூரத்தில் ஒருவன் தகரம் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஒங்க வீட்டுக்காரரு இவ்ளோ நாளா இதுக்குள்ளதான் இருந்தாருன்னா..." ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார். நாலு ரோட்டுக் குரலைப் பற்றி அவள் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தாள். "நாலு ரோட்ல அவரு கொரல்ல பேசினது யாரு?"

அவளுக்கு அது தெரியாது. இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் அப்போது அதை நினைக்கவே இல்லை. கண்ணாடிச் சில்லுகள் கிடந்த அந்த வெறும் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷம்" என்றாள். "தெனமும் அவன்கூடப் போயிருக்காரு. எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்காரு."

ஃபோர்மேன் ஸ்கேனரின் வயரைப் பிடுங்கினார்.

"ஒரு நாள்கூட எறங்கி உள்ள வரல."